சந்தாக் கொப்பி எங்கே? சபைச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளருக்கும், செயற்குழு அங்கத்தவர்கள் எல்லோருக்கும்,

கொட்டாஞ்சேனையில் 41 வருடமாகக் குடியிருந்து, நம் சபையில் இடப்பக்கம் நான்காவது வாங்கில் உட்காருகிற ஒருத்தி எழுதுகிறேன். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே ‘வேறு விடயங்கள்’ வருவதற்குள் மணி ஒன்றாகிவிடும், சோற்றுப் பார்சல்களும் வந்து இறங்கிவிடும். பசியோடு இருக்கிறவர்களிடம் ஒரு கிழவி என்ன பேசினாலும் ஏறாது. அதனால் எல்லோரும் ஆறுதலாக வாசிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

நம் சபையில் இப்போது யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறோம், செத்த வீட்டுக்குப் போகிறோம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நாட்களுக்கு ஆளில்லை. இது எப்போது தொடங்கியது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சந்தாப் பணம் வங்கிக்குப் போகத் தொடங்கிய மாதத்திலிருந்துதான்.

இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். முன்பெல்லாம் சந்தா வாங்க ஒருவர் வீடு வீடாக வருவார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். பிள்ளைகள் அவரைச் ‘சந்தா மாமா’ என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மழையோ வெயிலோ, கறுப்புக் குடையும் மண்ணிறத் தாள் உறை போட்ட நீளக் கொப்பியுமாக வாசலில் நிற்பார். கதவோரத்துக் கதிரையில்தான் இருப்பார், உள்ளே வாருங்கள் என்றாலும் வரமாட்டார். ஒரு பிளேன்டீ குடிப்பார். ஜெபம் ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை. வாய் சந்தாவைக் கேட்கும், கண் வீட்டைக் கேட்கும்.

1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. என் கணவர் வேலை பார்த்த கடை அங்கிருந்து கூப்பிடு தூரம். கண்ணாடியெல்லாம் நொறுங்கி, கடையை மூடியவர்கள் பிறகு திறக்கவேயில்லை. அந்த வாரமே அவரை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த தமிழருக்கு ‘விசாரணை’ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் மீன் வாங்கப் போதும், பொலிஸ் நிலையத்தில் போதாது. அன்று இரண்டாம் சனிக்கிழமை அல்ல, ஆனாலும் சந்தா மாமா குடையோடு வந்தார். கொப்பியைக் கொண்டுவரவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பொழுதுபடும்வரை அந்த நிலையத்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடையிடையே எழுந்துபோய், கச்சேரிச் சிங்களத்தில் மரியாதையாக ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்து உட்காருவார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் என் கணவரை விட்டார்கள்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று வருகிற இடத்தை யார் வாசித்தாலும் எனக்கு அந்த வாங்கு ஞாபகம் வரும். உள்ளே நடந்ததும் விசாரணை, வெளியே வாங்கில் இருந்ததும் விசாரிப்பு. தமிழில் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

அவர் வெளியே வந்தார், வேலை வரவில்லை. செட்டியார் தெருவில் நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் என் தையல் இயந்திரத்தையும் ஒரு முதலாளியிடம் ஈடாகக் கொடுத்துவிட்டேன். சிவப்புச் சீமெந்துத் தரையில் இயந்திரத்தின் கால்கள் இருந்த இடம் நான்கு வெளிறிய வட்டங்களாகத் தெரிந்தது. அதன்மேல் ஒரு பூச்சாடியை வைத்தேன். ஒரு பூச்சாடியால் நான்கு வட்டத்தை மறைக்க முடியுமா? சந்தா மாமா வந்தார், பிளேன்டீ குடித்தார், தரையைப் பார்த்தார்.

“இயந்திரம் திருத்தக் கொடுத்திருக்கிறதோ பிள்ளை?”

“ஓம் மாமா.”

அதற்கு மேல் ஒரு வார்த்தையில்லை. கொப்பியைத் திறந்து என் பெயருக்கு நேரே எதையோ எழுதிவிட்டு எழுந்து போனார். அந்த மாதம் நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் துணிக்கட்டோடு வந்தார்கள். ஞாயிறு பாடசாலைக்கு 18 திரைச்சீலை தைக்க வேண்டும், பாதிக் கூலியை முன்பணமாக வைத்துக்கொள் என்றார்கள். அந்தப் பணம் இயந்திரத்தை மீட்கக் காணாது. இரவில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் இயந்திரத்தில் தைத்து முடித்தேன். என்னுடையதை மீட்க இன்னும் நான்கு மாதம் பிடித்தது. ஆனால் அந்த நான்கு மாதமும் நான் ஒரு கடனாளியாக இருந்தேனே தவிர, பிச்சைக்காரியாக உணரவில்லை. அந்த வருடம் முழுவதும் கொப்பியில் என் பெயருக்கு நேரே ‘பெற்றது’ என்று எழுதியிருந்ததையும், போட்டது யார் என்பதையும் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

இது அந்த மனிதரின் தனிப்பட்ட நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு வேதபாட வகுப்பில் மெதடிஸ்த சபையின் ஆரம்பத்தைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள். 1742ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிரிஸ்டல் நகரத்தில், மண்டபம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று இந்தச் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியோடு கூடிப் பேசியிருக்கிறார்கள். கப்டன் ஃபோய் என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரட்டும் என்றார். சிலரால் அதுவும் முடியாதே என்று கேட்டபோது, மிகவும் வறியவர்கள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் நானே போடுகிறேன் என்றாராம். அப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒருவராக வீடு வீடாகப் போனவர்கள் பென்னியோடு வீட்டுச் செய்தியையும் கொண்டுவந்தார்கள். யார் குடிக்கிறான், யார் வீட்டில் சண்டை, யார் படுக்கையில் என்பதெல்லாம் அப்போதுதான் வெஸ்லிக்குத் தெரியவந்தது. வகுப்பு, வகுப்புத் தலைவர் என்று நாம் சொல்கிற ஏற்பாடு முழுவதும் அந்தக் கடன் வசூலில்தான் முளைத்தது. 1814இல் முதல் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கப்பலில் கூடவே வந்தது.

ஆகவே பொருளாளர் அவர்களே, நான் வங்கிக்கு எதிரியல்ல. கணக்குச் சுத்தமாக இருக்கிறது, கையில் காசு வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற பயம் இல்லை, எல்லாம் சரி. ஆனால் பணத்தை வங்கிக்கு மாற்றியபோது வீடு வீடாக நடந்த காலையும் சேர்த்து நிறுத்திவிட்டோம். அதை அன்று கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கையுயர்த்தி வாக்களித்தவள்தான்.

கடந்த வருடம் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. மூன்று வாரம் ஒரு பெரிய அரசாங்க வைத்தியசாலையில். சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்கள். 64 கூப்பிய கைகள் வந்தன. எண்ணினேனா என்று கேட்காதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறவளுக்கு எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை? முதல் பத்து நாளும் அந்த 64இல் ஒருவரும் வரவில்லை.

பதினோராம் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அன்று ஒரு பிள்ளை வந்தாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை, ஜம்பட்டா வீதியில் போர்டிங். நம் சபைக்கு வரத் தொடங்கி ஒரு வருடம்கூட இல்லை. கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் போய்விடுவாள். அவள் பெயர் அன்றுவரை எனக்குத் தெரியாது, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு பக்கெட் மாரி பிஸ்கட், ஒரு நகவெட்டி. “அம்மா, நீங்கள் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்” என்றாள். நான் திரும்பி வரும்போது கட்டிலோரத்தில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, அவருடைய வலக்கையைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். விழுந்துபோன கை. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. ஒவ்வொரு விரலாக மெல்ல நிமிர்த்தி, வெட்டி, விரல் நுனியைத் தன் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது, நகம் வளர்ந்தால் உள்ளங்கையில் குத்தும், தாதிமாருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது என்றாள். எனக்கு அது தோன்றவேயில்லை. ஜெபிக்கட்டுமா என்று கேட்கவுமில்லை. வெட்டிய நகத்தைத் தாளோடு மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று போனாள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மாலை நேரத்தில், சபையிலிருந்து பத்துப் பேர் ஒன்றாக வந்தார்கள். வந்தவர்களின் மனம் நல்லது, அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் நேரம் ஒரு மணித்தியாலம். அதில் அரைவாசி வாசலில் பாஸ் காட்டி உள்ளே வருவதிலேயே போனது. கட்டிலைச் சுற்றி நின்று இரண்டு பாட்டுப் பாடினார்கள். பக்கத்துக் கட்டிலில் சத்திரசிகிச்சை முடிந்து அன்றுதான் கொண்டுவந்த ஒரு சிங்கள ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் ஒரு தம்பி தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார். அன்றிரவே அது குழுவில் வந்தது, மூக்கில் குழாயோடு, வாய் ஒரு பக்கம் கோணியிருக்க. வாழ்நாள் முழுவதும் சவரம் செய்யாமல் வாசலுக்கு வராத மனிதர் அவர். பிறகு நினைவு தெளிந்ததும் அந்தப் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை ஆராதனைக்கு வர மறுக்கிறார். கால் சரியில்லை என்கிறார். கால் அவ்வளவு மோசமில்லை.

வியாதிக்காரரையாவது பார்க்கப் போகலாம், சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. வெட்கப்படுகிற வீடுகளுக்கு யார் போவது? மகன் ஐஸ் போதைக்கு அடிமையாகி, கதவுப் பிடியைக்கூடக் கழற்றி விற்றுவிட்ட ஒரு வீடு நம் சபையில் இருக்கிறது. முகவரை நம்பி வெளிநாட்டுக்குக் காசு கட்டி ஏமாந்த குடும்பம் இருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு மாதர் சங்கத்துக்கு வராமல் நின்றுவிட்ட பெண் இருக்கிறாள், நிறுத்தியது யார் என்று சங்கத்துக்கே தெரியும். இவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் செய்தி வராது. இது வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிற ஒருவருக்குத்தான் தெரியும்.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று பத்திரிகையில் போட்டார்கள். அதை வாசித்துத்தான் அறிய வேண்டுமா, பருப்பு வாங்கினாலே தெரிந்தது. நம் சபை உலர் உணவுப் பொதி கொடுத்தது, நல்ல காரியம். ஆனால் எப்படிக் கொடுத்தோம்? ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் ஒலிவாங்கியில் பெயர் கூப்பிட்டு. தன் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டும் தூணுக்குப் பின்னால் நின்று வராமல் போன ஒருவரை நான் கண்டேன். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். அதே அரிசியும் பருப்பும் சந்தைப் பையில் போட்டு, ஒரு சனிக்கிழமை, சந்தா வாங்கப் போகிற சாட்டில் கதவடியில் வைத்திருந்தால் வாங்கியிருப்பார்.

முடியாது, காலம் மாறிவிட்டது, எல்லோருக்கும் வேலை என்பீர்கள். 2019 ஏப்ரல் 21ஐ நினைத்துப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த நாள். நம்முடைய தெருக்களிலேயே எத்தனை வீட்டில் பெட்டி இருந்தது. அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கிவிட்டது, வாட்ஸ்அப்பும் இல்லை. மாலையானால் ஊரடங்கு. அந்த வாரம் நாம் எல்லோரும் நடந்தோமே! கத்தோலிக்கர், மெதடிஸ்த, சைவக்காரர் என்று பார்க்காமல் வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டோம். என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் செருப்புகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மாத முடிவில் தடையை நீக்கினார்கள். நாமும் வீட்டுக்குள் போய்விட்டோம்.

செயற்குழுவிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. சந்தாப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும், கொப்பியை மட்டும் திரும்பக் கொடுங்கள். பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர், மாதம் ஒரு தரம். அவர் பிரசங்கிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, வாயை மூடத் தெரிந்தவராக இருந்தால் போதும். கண்டதைப் போதகர் ஐயாவுக்கு மட்டும் சொல்ல வேண்டும், குழுவில் போடக்கூடாது. நோயாளியைப் படம் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள், இதற்கு ஒரு கூட்டம் தேவையில்லை. நல்ல சிங்களம் தெரிந்த ஐந்தாறு பேரின் பெயரை எழுதி வையுங்கள். மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் நம் ஆராதனைக்கும் வருகிறார்கள். வைத்தியர் சொன்னது பாதி விளங்காமல், கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று நிற்கிறார்கள். புறக்கோட்டையில் 138 பஸ்ஸில் ஏறி அவர்களோடு ஒரு காலைப்பொழுது போய்வர ஒருவர் இருந்தால், நான் அதை ஒரு வருடத்து உபவாச ஜெபத்துக்குச் சமமாக வைப்பேன். போதகர் ஐயா இதற்கு என்னைக் கோபிக்கலாம்.

பஸ் காசுக்கு நிதி இல்லை என்று சொல்லாதீர்கள். மண்டபத்துக்குக் குளிரூட்டி வாங்கச் சேர்க்கிற பணத்தின் தொகையை மாதாமாதம் வாசிக்கிறீர்கள். கொட்டாஞ்சேனைப் புழுக்கம் எனக்கும் தெரியும், எனக்கும் வியர்க்கிறது.

பிள்ளைகளெல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனியே இருக்கும் வயோதிபரைப் பற்றியும் எழுத நினைத்தேன். லிஃப்ட் பழுதானால் ஐந்தாம் மாடியில் சிறை. ஆனால் அதை எழுதுமுன் என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

சந்தா மாமா கடைசி இரண்டு வருடம் முகத்துவாரத்தில் மகள் வீட்டில் படுக்கையில் இருந்தார். என் வீட்டிலிருந்து முச்சக்கரவண்டியில் பதினைந்து நிமிடம். நான் இரண்டு தரம் போனேன், இரண்டு வருடத்தில் இரண்டு தரம். இரண்டாம் முறை அவர் என்னை அடையாளம் காணவில்லை, அதைச் சாட்டாக வைத்து நிறுத்திக்கொண்டேன். 2020இல், ஊரடங்குக் காலத்தில் இறந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் கல்லறைக்குப் போகலாம் என்றார்கள். நான் குழுவில் கூப்பிய கைகளைப் போட்டேன். மகளுக்கு இன்றுவரை ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்கவில்லை. என்ன சொல்லி எடுப்பது என்று தெரியவில்லை, நாள் போகப் போக இன்னும் தெரியவில்லை.

செயலாளர் தம்பி, ஆலயத்தின் பின்னறை அலுமாரியில், கீழ்த்தட்டில், பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு அடியில் அந்தக் கொப்பி இருக்க வேண்டும். மண்ணிறத் தாள் உறை. கரையான் விட்டுவைத்திருந்தால் எடுத்துத் தாருங்கள். ஜம்பட்டா வீதியிலிருந்து முகத்துவாரம்வரை பன்னிரண்டு வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஹட்டன் பிள்ளையும் போயா நாட்களில் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளை இன்னும் அங்கத்தவராகச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள். வருகிற இரண்டாம் சனிக்கிழமை முதல் வீடாக அந்த மகள் வீட்டுக்குப் போகிறேன். கொப்பி கிடைத்தால் அவளுக்கு அப்பாவின் எழுத்தைக் காட்டலாம். கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு போய்க் கதவோரத்துக் கதிரையில் இருந்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இடப்பக்கம் நான்காவது வாங்கு,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.